மச்சானின் வியர்வை

மே 2
நாட்குறிப்பு எழுத ஆரம்பித்திருக்கிறேன். இந்த வயதில். தேநீர் ஆறிப்போனது, போகட்டும்.

மே 5
ஃபிரேயா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருக்கிறாள். எதிரே இருக்கும் சின்னத் தீவில், பாறை ஓவியங்களுக்குக் கீழே தோண்டிப் பார்க்க வேண்டுமாம். அது என் அப்பா வழித் தீவு. பெரிய ஆமையை வரைந்தது என் தாத்தா. ஆனால் பேச வேண்டியது அம்புரோஸ், என் அத்தை மகன். எங்கள் முறை அப்படி. அப்பா வழியில் வந்தவன் உடையவன், அத்தை வயிற்றில் வந்தவன் காவல். காவல்காரன் சொல்லாமல் உடையவன் அங்கே ஒரு கல்லைக்கூடப் புரட்டக் கூடாது.
முறைதான். ஆனால் அவள் அவனை மட்டுமா படம் எடுக்க வேண்டும்?

மே 6
இன்றும் அவனைத்தான். தொப்பியோடு ஒன்று, தொப்பி இல்லாமல் ஒன்று.

மே 9
கடை வாசலில், எல்லார் முன்னாலும் சொன்னான்.
"மச்சான், வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிட்டுப் போறேன். நீ தண்ணி கேனைத் தூக்கிட்டு வா."
"என் தீவுக்கு நான் கூலியாடா?"
"உன் தீவுங்கிறதாலதான் தண்ணியோட விட்டேன். இல்லேன்னா விறகும் சேர்த்துத் தூக்கணும்."
எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வயிறு எரியுது. யாரிடமும் சொல்ல முடியாததை எழுத முடிகிறது, அது ஒரு சந்தோஷம்.

மே 11
அவன் நாளைக்குத்தானே போகிறான்? நான் இன்றே போனால் என்ன? அம்புரோஸ் சரி சொல்லிவிட்டான் என்று ஃபிரேயாவிடம் சொல்லிவிட்டேன். படகு தயார்.

மே 12
நேற்று நடந்தது. தீவின் கரையில் நின்று, செத்த பிறகும் உள்ளே இருக்கும் எங்கள் பெரியவர்களை, என் அப்பாவையும் சேர்த்து, கூப்பிட்டு, இவள் யாரென்று சொல்ல வேண்டும். காவல்காரன் வாய் சொல்ல வேண்டியது. என் வாய் திறக்கவே இல்லை. பாறைக்குப் போகவும் கால் வரவில்லை. ஆமைக் கதையை அவளுக்கு இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டு நின்றேன். அதற்குள் கடல் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நீர் வற்றும் நேரம் தெரியாதவனா நான்? பொறாமையில் எல்லாம் மறந்துபோச்சு.
நீர் ஏறியதும் அம்புரோஸ் ரொட்டியோடு வந்தான்.
"உங்க அப்பாவே பிடிச்சு உட்கார வெச்சுட்டாரா?"
பெரியவர்களைக் கூப்பிட்டான். அக்குளில் கையைத் தேய்த்து அந்த வியர்வையை ஃபிரேயாவின் நெற்றியில் பூசினான், அவர்களுக்கு வாசனை தெரியட்டும் என்று. பிறகு என் பக்கம் திரும்பி என் தலையிலும் தேய்த்தான்.
"எனக்கு எதுக்குடா? நான் அவங்க பிள்ளை."
"இப்ப பேனா மை வாசனை அடிக்கிற, மச்சான். அவங்களுக்கு அடையாளம் தெரிய வேணாமா?"
பாறையடியில் என்னைப் பார்த்தான். "எங்க தோண்டலாம்? உடையவன் நீதான், சொல்லு."
ஆமையை விட்டுத் தள்ளி, என்றேன்.

மே 13
ஃபிரேயா எங்கள் இருவரையும் சேர்த்து எடுத்த படத்தைக் காட்டினாள். அவன் தொப்பி என் பாதி முகத்தை மறைக்கிறது. தண்ணி கேன் என் கையில்தான்.
தலை நாறுகிறது, கழுவு என்கிறாள் என் மனைவி லோர்னா. நாளைக்கு ஆகட்டும் என்றேன்.