இரட்டைப் பாறை ஊற்று

திருவொற்றியூர் குப்பம்
8-1-1952

கொழும்பில் இருக்கும் அன்பு மகன் ரகுபதிக்கு உன் நைனா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கை நீலா மூவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, நீயும் அப்படியே இருக்க வடிவுடையம்மனை வேண்டிக்கொள்கிறோம். மனசுக்குத்தான் நாலு நாளாகச் சுகமில்லை, அதுவும் எனக்கு மட்டும்.

நீயும் ஆபீஸ் சிநேகிதன் தங்கப்பாண்டியும் கித்தான் போர்த்திய துடுப்புப் படகில் மாசியில் இலங்கையை ஒரு சுற்று வரப்போவதாக எழுதிய கடிதத்தை வாசலில் நின்று நாலு பேர் கேட்கவே படித்தேன், அத்தனை பெருமை. அம்பாந்தோட்டை தாண்டி ஆளில்லாத கரையில் நைனா சொன்ன இரட்டைப் பாறை ஊற்று இருக்கிறது, அதனால் ஒரு நாள் தண்ணீர்தான் எடுத்துப்போகிறோம், மேப்பில் குறித்தாயிற்று என்ற இடம் வந்ததும் கடிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ரகுபதி, அப்படி ஒரு ஊற்றே கிடையாது. கட்டுமரத்தில் நான் இலங்கையைச் சுற்றிய கதை அத்தனையும் புளுகு. பதினெட்டு வயசில் ஓடு ஏற்றிய பாய்மரக் கப்பலில் சமையலுக்கு எடுபிடியாகத் திருகோணமலை வரை போனேன். போகும்போது வாந்தி எடுத்தேன், வரும்போது வெங்காயம் உரித்தேன். கடல்காரன் வீட்டுப் பிள்ளை வாந்தி எடுத்ததைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு தீவையே சுற்றிவிட்டேன்.

மீன் படும் இடத்தை எவன் கேட்டாலும் கரை அடையாளத்தை மாற்றிச் சொல்வது நம் குப்பத்து வழக்கம், உனக்கும் தெரியும். அதற்காக, பெத்த புள்ளைக்கே மாத்திச் சொல்லிக்கீறியே, நீ இன்னா மனுசன்யா, மொதல்ல காயிதம் எயுது, அப்பால கஞ்சி குடிக்கலாம் என்று உன் அம்மா கன்னியம்மா சட்டியை மூடிவிட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

இலங்கைக்குச் சரக்குக் கப்பல் ஓட்டும் காஜா மொய்தீன் பாயை ராயபுரத்தில் தேடிப்பிடித்துக் கேட்டேன். அந்தக் கரையில நாலு நாள் தண்ணி கையில இல்லாம எவனும் போவமாட்டான், அலை பெருசாயி ஒடைஞ்சா கரை ஒதுங்கவும் வழி கிடையாது என்றார். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, போவதானால் அவர் சொன்னபடி போ.

தங்கப்பாண்டி வீட்டாருக்கும் இதைத் தெரியப்படுத்து, என் மானம் போனால் போகட்டும். என் பேச்சை நம்பி மேப்பில் போட்ட குறி அத்தனையும் அழித்துவிட்டு, அழித்தேன் என்று ஒரு வரி உடனே எழுதிப் போடு. தீர்க்காயுசாக இரு. இனிமேல் நான் வாயால் சொல்லும் எதையும் நீ நம்பவேண்டாம் கண்ணு, இந்த ஒரு கடிதத்தை நம்பு.

இப்படிக்கு,
உன் நைனா
தண்டபாணி