அம்மா பிரித்துப் போட்ட உங்கள் ஹெரால்டு

என் ஆசை அப்பாவுக்கு,

நேற்று அம்மா உங்கள் ஹெரால்டு காரை ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது ஒரு தண்ணீர் லாரி உரசி, இடது பக்கக் கதவில் முழ நீளத்துக்குக் கீறல். "கீறல்தான, விடு" என்று சொல்லிவிட்டு, மண்ணோடு இருந்த கீரைக்கட்டுகளை முன்சீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மழை வந்தது. அவள் வண்டியை மூடவில்லை.

உங்களுக்கு நெஞ்சு பதறும் என்று தெரியும். தெரிந்தும் ஏன் இதைத்தான் முதலில் சொல்கிறேன், அப்பா?

நம் போலாரத்தில் இப்போது எல்லோரும் சொல்லும் கதை வேறு. புருஷன் உயிராக வைத்திருந்த காரை, அவர் படுக்கையில் விழுந்த பிறகு, ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாத மனைவி தானே கற்றுக்கொண்டு ஓட வைத்தாள் என்பது அந்தக் கதை. கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். என் அலுவலகத்தில்கூட ஒரு பெண் அழுதாள். நடந்தது என்னவென்று உங்களுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்களும் போய்விட்டீர்கள்.

பக்கவாதம் உங்கள் வலது பக்கத்தையும் பேச்சையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு சொல்தான் நாக்கில் மிஞ்சியது. "நக்கோ." வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்வது, உங்கள் தாத்தா காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் நம் வீட்டிலும் அதுதான் புழக்கம். கஞ்சிக்கும் நக்கோ, தண்ணீருக்கும் நக்கோ. நான் வேலைக்குக் கிளம்பும்போது சிரித்துக்கொண்டே ஒரு நக்கோ. அது போகாதே என்பதா, போய் வா என்பதா என்று தெரியாமலேயே பேகம்பேட் பஸ் ஏறுவேன்.

டாக்டர், வெளியே எதையாவது பார்க்கிற மாதிரி அவரைப் படுக்க வையுங்கள், மனசுக்கு நல்லது என்றார். அம்மா கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். ஜன்னலுக்கு நேர் எதிரே கார் கொட்டகை.

பல வருஷமாக அந்த வண்டி அங்கே அசையாமல் நின்றது. ஏதோ ஒரு பாகம் கிடைக்கவில்லை என்று நிறுத்தினீர்கள், நின்றது நின்றதுதான். விற்கவும் மாட்டீர்கள், சரிசெய்யவும் மாட்டீர்கள். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டு, கொட்டகைச் சாவியைப் பூணூல் மாதிரி எந்நேரமும் உடம்பிலேயே வைத்திருந்தீர்கள். ரிடையரான பிறகும் அப்படித்தான்.

அந்தச் சாவியை உங்கள் அரைஞாணிலிருந்து அம்மா அவிழ்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நைட்டியின் மேல் உங்கள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். கொட்டகைக் கதவை முழுசாகத் திறந்து வைத்தாள். தூசி, எலிப் புழுக்கை, காற்றுப்போன நாலு சக்கரம். முதலில் அவள் பானெட்டைத் திறக்கவில்லை. பின்சீட்டை நெம்பி வெளியே இழுத்து, வாசலில் உங்கள் கண்ணெதிரே போட்டு, காய் நறுக்கும் கத்தியால் நீளவாக்கில் கிழித்தாள்.

உங்கள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நக்கோ, நக்கோ" என்றீர்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லட்சுமி ஆன்ட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, அங்கிள் சந்தோஷத்துல அழறாரு, சூடு, பாரு! உங்க அம்மா தேவதம்மா" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னாள். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பின்சீட்டு எனக்கு நினைவிருந்தது.

அப்போது எனக்கு ஆறு வயது. மழை பெய்த மத்தியானம். அம்மா நிறைமாத வயிற்றோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "காரை எடுங்க" என்றாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள், அவள் காலடியில் நனைந்த தரையைப் பார்த்தீர்கள். "சீட்டு நேத்துதான் தெச்சு வந்துச்சு, சரோஜா. ஆட்டோ இதோ வந்துரும். கைக்கு டென்ஷன், எதுக்குப் பதட்டம்?" என்றீர்கள். குடைகூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினீர்கள். தொப்பலாக நனைந்து ஆட்டோவோடுதான் வந்தீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. தம்பி ஆட்டோவிலேயே பிறந்தான். அழவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் காரில் ஏறியதே இல்லை. நீங்களும் அவளை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை மட்டும் முன்சீட்டில் உட்கார வைத்து டேங்க் பண்ட் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனீர்கள். கியர் குமிழின் மேல் என் கையை வைத்து, அதன் மேல் உங்கள் கையை வைத்துக்கொள்வீர்கள். அவ்வளவு பிரியமான கை, அப்பா. அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் உங்களை எப்படி வெறுப்பது?

சீட்டைக் கிழித்த அன்றைக்கே அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பா பாக்கணும்னுதான் இதைச் செய்றியா?"

"பாக்கட்டும். இத்தனை வருசம் ஜன்னல்ல நின்னு நான் பாக்கல?"

"அவரு முடியாம கெடக்காரும்மா."

"கஞ்சி குடுக்கறேன். பொரட்டிப் படுக்க வெக்கறேன். ஒடம்புல ஒரு புண்ணு இருக்கா, காட்டு. அதுல நான் கொற வெக்கல."

உண்மைதான். உங்களுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. வேளை தவறாமல் சோறு, வேளை தவறாமல் மாத்திரை. அதெல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவாள்.

வெளிநாட்டில் யாரோ அந்த வண்டியின் பழுதுபார்க்கும் புத்தகத்தை இணையத்தில் போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்து வந்து கொடுத்தேன். அம்மாவுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. படத்தைப் பார்த்துப் பிரித்தாள். நட்டுகளை ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, எந்த இடத்து நட்டோ அந்தப் படத்தைக் கிழித்து வெளியே ஒட்டினாள். ஆரம்பத்தில் எல்லாம் தப்பு. துருப்பிடித்த பிரேக் குழாயை முறுக்கி உடைத்தாள். கார்புரேட்டரைப் பிரித்தவளுக்குத் திரும்ப மாட்டத் தெரியாமல், மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் அது ஊறிக்கொண்டே கிடந்தது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றியதும் உங்கள் ஜன்னலுக்குக் கீழே விரித்த சாக்கில் கொண்டுவந்து வைப்பாள். கழற்றிய கதவு, கழற்றிய விளக்கு, கழற்றிய ஸ்டீயரிங். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் "நக்கோ" என்பீர்கள்.

இறுகிப்போன எஞ்சினுக்குப் பிளக் ஓட்டைகள் வழியாக எண்ணெய் ஊற்றி, தினமும் காலையில் ஹேண்டிலைப் போட்டு முழு எடையோடு அழுத்திப் பார்ப்பாள். ஒருநாள் அது அரை அங்குலம் நகர்ந்தது. "உமா, அசையுதுடி!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கொடுமையாகப் படுகிறது. அம்மா உங்களை மறந்துபோனாள். பாகங்களைச் சாக்கில் கொண்டுவந்து காட்டுவதை நிறுத்தினாள். பழைய உதிரிபாகக் கடைகளுக்குத் தானே ராணிகஞ்ச் போய், அரைகுறைத் தெலுங்கில் பேரம் பேசிவிட்டு வந்தாள். துருப்பிடித்த அடித்தளத்தை வெல்டிங் செய்ய வந்தவரிடம் எங்கே ஒட்டவேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினாள். வேலை செய்துகொண்டே பாடினாள். பழிவாங்க எடுத்த வேலையில் அவளுக்குச் சந்தோஷம் கிடைத்துவிட்டது. நீங்கள் ஜன்னலில் ஒரு சட்டியோ பானையோ போலக் கிடந்தீர்கள். அவள் உங்களை வதைத்த நாட்களில் உங்கள் கண்ணில் உயிர் இருந்தது, அப்பா. மறந்த பிறகு அதுவும் மங்கியது. எது உங்களுக்குக் கூடுதலாக வலித்தது?

வண்டி உயிர் பெற்ற அன்று தெருவே வாசலில் நின்றது. முதலில் ஒயர்களை இடம் மாற்றிச் சொருகியிருந்தாள். பட்டாசு மாதிரி வெடித்து எல்லோரும் பின்னால் ஓடினார்கள். படத்தைப் பார்த்து மாற்றிச் சொருகிவிட்டு, மறுபடியும் சாவியைத் திருப்பினாள். நீலப் புகை கிளம்பியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தாள்.

நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். அசையக்கூடிய அந்த இடது கையை நீட்டி, நீங்கள் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டிருந்தீர்கள்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். எஞ்சினை அணைக்காமல் இறங்கி உள்ளே போனாள். நான் பின்னால் ஓடினேன். திரையை முழுசாக ஒதுக்கிவிட்டு, உங்கள் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி, தலையணையை அண்டக் கொடுத்தாள். பிறகு உங்கள் முகத்துக்குக் கிட்டே குனிந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"அவனுக்குப் பேரு வெச்சிருந்தேன். வயித்துல இருக்கறப்பவே. உங்ககிட்ட சொல்லல. இனிமேலும் சொல்ல மாட்டேன்."

நீங்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "நக்கோ" என்றீர்கள். ஒருமுறைதான், மெதுவாக. சொல்லாதே என்றீர்களா, அப்படிச் செய்யாதே என்றீர்களா, இல்லை, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மன்னிப்பு கேட்டீர்களா? அம்மா உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு வெளியே போனாள். அந்த மாதம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்த அன்று உறவுக்காரர்கள் உங்கள் படத்துக்கு மாலை போட்டு, அதைக் காரில் வைத்து ஒரு சுற்று போகலாம் என்றார்கள். "படம் வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. டிரைவிங் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்ததும் என்னை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினாள். ரயில்வே கேட் திறந்திருந்தது. அதைத் தாண்டி, ஓரமாக வண்டியை நிறுத்தி, தம்பியின் பெயரை எனக்குச் சொன்னாள். நல்ல பெயர், அப்பா. உங்களுக்கும் பிடித்திருக்கும்.

உங்கள் திதிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பேன். உங்களுக்காக அழ வேண்டியதை அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து அழுதுகொள்வேன். உங்களை மன்னிக்கச் சொல்லி அவளிடம் ஒருநாளும் கேட்க மாட்டேன். அவன் பெயரை உங்கள் படத்துக்கு முன்னால் முணுமுணுக்கக்கூட மாட்டேன். கியர் குமிழில் என் கைமேல் இருந்த உங்கள் கை சாட்சியாக, இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் இரண்டு பிள்ளைகளில் மூத்தவள்,
உமா