மருந்து கேட்கிறவன் கள்ளனல்ல

இன்று காலை பாறசாலையில் உன் மருந்துக்கடை முன்னால் பஸ்ஸுக்கு நின்றேன். இப்போது உன் தங்கச்சி மாப்பிள்ளைதான் நடத்துகிறார். டானிக்கும் அட்டைப்பெட்டியும் கலந்த அந்த வாசனை வந்ததும், அன்று உன்மேல் எனக்கு வந்த கோபம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

பொழியூரில் கடல் என் வீட்டில் பாதியைக் கொண்டுபோன வருஷம் அது. படகு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், மூச்சு அடைக்கும், கையிலிருந்து ஸ்பேனர் நழுவும். ஒரு டாக்டர் பத்து மாத்திரை எழுதித் தந்தார். மூச்சடைப்புக்கு நன்றாகக் கேட்டது. அவை தீர்ந்தபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். பழைய சீட்டோடு உன்னிடம் வந்தேன். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன், தருவாய் என்று நினைத்தேன்.

"புதுச் சீட்டு இல்லாம தரமாட்டேன் மக்கா."

"எலே, நான் என்ன கஞ்சாவா கேக்கேன்?"

நீ ஷட்டரை இழுத்துப் பூட்டினாய். "வண்டியில ஏறு. நெய்யாற்றின்கரைக்குப் போவோம். நானும் வாறேன்."

அங்கே ஆஸ்பத்திரியில், நான் மாத்திரையின் பெயரைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடினார். கிரீஸ் படிந்த என் கையைப் பார்த்தார். பெயரெல்லாம் நன்றாகத் தெரிகிறதே, எத்தனை நாள் பழக்கம் என்று மலையாளத்தில் கேட்டார். எழுந்து ஓடத் தோன்றியது. நீ என் தோளை அழுத்தி உட்கார வைத்தாய்.

"பத்து மாத்திரைய மூணு மாசம் வச்சிருந்தவனாக்கும் சாரே இவன். என்ன செய்யுதுன்னு அவன்கிட்ட கேளுங்க."

கேட்டார். வீடு போனதை அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் முழுவதுமாகச் சொன்னேன். கொஞ்சம் மாத்திரையும், கவுன்சலிங்குக்கு ஒரு சீட்டும் எழுதினார்.

திரும்பும்போது சொன்னாய்: "இனி மாத்திரை பேருல தொடங்காத. என்ன வருது, எப்ப வருது, எத்தன தின்னேன்னு சொல்லு. எதையும் மறைக்காத. ஆனா தலையக் குனியாத."

இரண்டு வருஷத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. அடக்கத்துக்கு வந்த உன் உறவுக்காரர் ஒருவர், "பயத்துக்கு மாத்திரை தின்னுதவன் இவன்தானா?" என்று என் காதுபடக் கேட்டார். "ஆமா, நான்தான். டாக்டர் எழுதித் தந்து தின்னுதேன்" என்று உரக்கச் சொன்னேன். சர்ச் முற்றம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

போன வாரம் மூச்சடைப்பு திரும்ப வந்து, மறுபடியும் ஒரு புது டாக்டரிடம் போனேன். ஒரு பெண். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "அந்த மாத்திரை பழக்கமாயிடும்னு எனக்கும் தெரியும் டாக்டர். வேற வழி உண்டுன்னா சொல்லுங்க, கேக்கேன். சந்தேகப்பட்டு மட்டும் அனுப்பாதீங்க." நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

தினமும் சாப்பிட வேறொரு மருந்து இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். அது கேட்கத் தொடங்கும்வரை பழைய மாத்திரையில் ஐந்து எழுதினார். பிறகு, "இவ்வளவு தெளிவா பேச யாரு சொல்லித் தந்தது?" என்றார்.

"ஒரே பெஞ்சுல படிச்ச கூட்டுக்காரன் ஒருத்தன் உண்டு" என்றேன். இருந்தான் என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை.