பின்பக்கப் படலை

3 ஒக்டோபர் 2024, வியாழன்

காலை முழுக்க மழை. லண்டன் குட்மேய்ஸ் வீதிகளில் தபால் போட்டு முடித்து வீட்டுக்கு வந்தபோது சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. மகள் மிதுஷாவுக்கு ஒரே சிரிப்பு.

பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா போன் எடுத்தா. மிதுஷாவின் பள்ளிக்கூடத்தில் நான் பெற்றோர் சார்பில் கவர்னராக இருப்பது அவவின் வாயில் எப்படி மாறியிருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ‘‘லண்டனுக்கே இப்ப எங்கட நகுலாதான் கவர்னர்’’ என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறா.

‘‘ஐயோ அக்கா, அது பள்ளிக்கூட நிர்வாகசபை. பதினொரு பேர் இருக்கிறம். சம்பளமில்லை. ரெண்டு மாசத்துக்கு ஒருக்காக் கூட்டம்.’’

‘‘அப்ப காரும் தரமாட்டினமே?’’

இவர் குசினிக்குள் நின்று கேட்டுவிட்டு, ‘‘கவர்னர் அம்மா, தேத்தண்ணி போடட்டோ?’’ என்றார். பாலேந்திராவுக்குப் பகிடிக்கு இனி ஒரு வருடத்துக்குப் பஞ்சமில்லை.

உள்ளதைச் சொன்னால், போன வருடம் வேறு ஒருவரும் விண்ணப்பிக்காதபடியால்தான் நான் தெரிவானேன். இதுவரை கூட்டங்களில் நான் பேசியது: ‘யெஸ்’, ‘தாங்க்யூ’, ஒருமுறை ‘ஜன்னலைச் சாத்தட்டுமா?’

10 ஒக்டோபர், வியாழன்

இன்று கூட்டம். மனம் சரியில்லை.

தலைவர் கல்யாணசுந்தரம் சேர் திரையில் ஒரு வரைபடம் போட்டார். தமிழ்நாட்டுக்காரர், எழுபது வயது, காப்புறுதிக் கம்பனியில் வாழ்நாள் முழுக்க எண்களோடு இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தின் கோடு மலையிலிருந்து இறங்குவது போல இறங்கியது. நான்கு வயதில் சேரும் பிள்ளைகளுக்கு எங்களிடம் இரண்டு வகுப்புகள், அறுபது இடங்கள். இந்த வருடம் வந்தது முப்பத்தெட்டு. ஆகவே 2026 முதல் ஒரே வகுப்பு, முப்பது இடம். இது அவருடைய பிரேரணை. பெப்ரவரியில் வாக்கெடுப்பு.

ஒரு வகுப்பென்றால் ஆசிரியர்கள் போவார்கள். பிறகு பாலர் பிரிவு போகும். தலைமை ஆசிரியை ஏஞ்சலா மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தா. ‘‘முப்பதுக்கு இறங்கிய பள்ளிகள் திரும்ப ஏறுவது குறைவு’’ என்று மட்டும் சொன்னா.

‘பகுதியில் சிறு பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்’ என்று வரைபடத்தின் கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிழை! அது பிழை! எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் நடக்கிறன். ஏன் வாயைத் திறக்கேல்லை? இங்கிலீசு பிழைச்சால் என்ன, தலையையா வெட்டப்போகினம்?

11 ஒக்டோபர்

பள்ளிக்குப் பின்னாலுள்ள புது அடுக்குமாடியில் தபால் போட்டேன். மூன்றாம் மாடியில் மட்டும் வாசலில், பிள்ளைகளை இருத்தித் தள்ளும் புஷ்செயர் நான்கு.

12 ஒக்டோபர், சனி

பையில் வருவது யாருக்கு, எங்கிருந்து என்று வெளியே மூச்சு விடக்கூடாது. அது என் வேலையின் முதல் சட்டம். அதை மீறமாட்டேன். ஆனால் வாசலில் நிற்கும் புஷ்செயர் ஊருக்கே தெரியும்தானே? ஓய்வு நாளில், சீருடை இல்லாமல், ஒரு தாயாக நான் போய்க் கதைக்கலாம்தானே?

இவரிடம் கேட்டேன். ‘‘போய்க் கதையும். கடிக்கமாட்டினம்’’ என்றார்.

19 ஒக்டோபர், சனி

இன்று ஓய்வு. மிதுஷாவைக் கூட்டிக்கொண்டு அந்த அடுக்குமாடியின் விளையாட்டுத் திடலுக்குப் போனேன். ஊஞ்சலில் மூன்று வயது மகனை ஆட்டிக்கொண்டு ஒரு பெண். பெயர் மாதங்கி. கோயம்புத்தூர். கணவருக்கு ஐடி வேலை. மகன் ஆதித்யா. வருகிற ஜனவரிக்குள் பள்ளிக்கு விண்ணப்பிக்கவேண்டும்.

எங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னேன்.

‘‘அதுவா? அது ரொம்பத் தூரமாச்சே. நாங்க பஸ் போற வேற ஸ்கூல்தான் எழுதலாம்னு இருக்கோம்.’’

தூரமா? எனக்கு விளங்கவில்லை. அவ தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் பால்கனிக் கதவைத் திறந்தா. கீழே எங்கள் பள்ளி மைதானம்! மிதுஷா வழக்கமாக ஏறும் கயிற்று வலைகூடத் தெரிந்தது.

‘‘தெனமும் இவன் இங்க நின்னு, அந்தப் பிள்ளைங்க வெளையாடறதப் பாத்துக் கை தட்டுவான். ஆனா போறதுக்கு வழியில்லையே. மெயின் ரோடு சுத்தித்தான் போகணும். புஷ்செயர வெச்சுக்கிட்டு இருபது நிமிஷம் ஆகுது. இந்தக் கட்டடத்துல எல்லாரும் அதேதான் சொல்றாங்க.’’

வழியில்லை என்றில்லை. பள்ளியின் பின்மதிலில் ஒரு படலை இருக்கிறது. முன்பு இந்த அடுக்குமாடி நிற்கும் இடம் பழைய களஞ்சியமாக இருந்தபோது பூட்டியது. பிறகு திறக்க யாருக்கும் தோன்றவில்லை. ஐவிக் கொடி முழுக்க மூடிவிட்டது.

நூற்றியிருபது வீடுகள் அங்கே. இதை எப்படி எழுதுவது?

23 ஒக்டோபர்

தலைவருக்கு ஈமெயில் எழுதி முடித்தேன். மூன்று நாள் எடுத்தது. மிதுஷா எழுத்துப் பிழை திருத்தினாள். அனுப்பிவிட்டு போனைக் குப்புற வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில். ஒரே வரி: ‘சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு அந்த அடுக்குமாடி வாசலில் நிற்கிறேன்.’

26 ஒக்டோபர், சனி

சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. ஒழுங்காக எழுதுகிறேன்.

கல்யாணசுந்தரம் சேர் குடையோடும் நிமிடம் அளக்கும் கடிகாரத்தோடும் வந்தார். கையில் ஒரு பத்துக் கிலோப் பொன்னி அரிசிப் பை, ஒரு ஐந்து கிலோப் பை.

‘‘இதென்ன சேர்?’’

‘‘நாலு வயசுப் பிள்ளை சராசரி பதினாறு கிலோம்மா. காலி வண்டியத் தள்ளினா கணக்கு தப்பாயிடும். ஒரு கிலோ குறையுது. பரவாயில்ல.’’

மாதங்கி புஷ்செயரைத் தந்தா. சேர் அரிசியை இருத்தி, வாரைப் பூட்டி, இறுக்கமா என்று இழுத்தும் பார்த்தார். பிறகு நாங்கள் மூவரும் மெயின் ரோட்டைச் சுற்றி நடந்தோம். சேர்தான் தள்ளினார். பஸ் நிறுத்தத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டு, ‘‘குழந்தையின் பெயர் என்ன?’’ என்று கேட்டா. சேர் முகத்தில் ஒரு அசைவுமில்லை. ‘‘பொன்னி’’ என்றார். மாதங்கி மதிலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டா.

பள்ளி முன்வாசலுக்கு இருபத்தொரு நிமிடம். இரண்டு பெரிய சந்தி.

திரும்பி வந்து, பின்மதிலடியில் ஐவியை விலக்கிக் காட்டினேன். ‘‘இதுதான் சேர் படலை.’’

‘‘படலைன்னா?’’

‘‘கேட்.’’

துருப்பிடித்த பூட்டைத் தொட்டுப் பார்த்தார். அடுக்குமாடி வாசலுக்கு நடந்து போய், திரும்ப நடந்து வந்தார். வாசலிலிருந்து படலைக்கு மூன்று நிமிடம். கடிகாரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

‘‘பத்து வருஷக் கணக்கு வெச்சிருக்கேன். பிறப்பு, குடிபெயர்வு, வாடகை, எல்லாம் வெச்சிருக்கேன். இந்தக் கதவு என் கணக்குலயே இல்லம்மா.’’

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. தோற்றவர் குரல் இல்லை அது. புதையல் கண்டவர் குரல்.

அரிசியை மாதங்கிக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

14 நவம்பர், வியாழன்

பேசிவிட்டேன்!!

பன்னிரண்டு நிமிடம். முதல் இரண்டு நிமிடம் ‘பின்னால்’ என்பதற்கு இங்கிலீசுச் சொல்கூட வரவில்லை. கையால் முதுகைக் காட்டினேன். எல்லோரும் சிரிக்க, நானும் சிரிக்க, அதன்பிறகு எல்லாம் வந்தது. பால்கனியிலிருந்து எடுத்த படத்தைக் காட்டியபோது ஏஞ்சலா எழும்பித் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தா. ‘‘இது எங்கள் மைதானமா?’’

படலையைத் திறக்க எல்லோரும் இலகுவில் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான உறுப்பினர் கிளறிற்றா, மன்னாரில் பிறந்தவ, பேச்சில் கூர். ‘‘ரெண்டாவது வாசல் எண்டால் ரெண்டாவது காவல் வேணும். காலமையும் பின்னேரமும் ஆர் நிக்கிறது? அந்நியர் உள்ளுக்கு வந்தால் ஆர் பதில் சொல்றது?’’ என்று கூட்டம் முடிந்தபிறகும் தமிழில் என்னைப் பிடித்துக் கேட்டா. கேட்டதில் பிழையில்லை. பிள்ளைகள் விஷயம்.

முடிவு: ஒரு பள்ளி ஊழியரும் இரண்டு பெற்றோரும் நிற்க, காலையில் இருபது நிமிடம், பின்னேரம் இருபது நிமிடம். பரீட்சார்த்தமாகத் திறக்கலாம். ஆதரவு ஏழு, எதிர்ப்பு நான்கு. கிளறிற்றா எதிர்த்தா. வகுப்பைக் குறைக்கும் வாக்கெடுப்பு பெப்ரவரியில்தான், அதில் மாற்றமில்லை.

இவருக்குப் பின்னேர ஷிப்ட். காலையில் நிற்கும் பெற்றோரில் ஒருவராக இவரின் பெயரைக் கொடுத்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

15 நவம்பர்

சொன்னேன். ‘‘கவர்னர் அம்மாவின்ர கட்டளை’’ என்றார்.

2 டிசம்பர், திங்கள்

பூட்டைத் திறக்க முடியவில்லை. வெட்டித்தான் எடுத்தார்கள். எட்டரைக்கு இவர் மஞ்சள் அங்கியோடு நின்ற படத்தை அனுப்பினார். எனக்கு வேலை; நேரில் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்த அடுக்குமாடியிலிருந்து ஏற்கனவே எங்களிடம் படிப்பது ஆறு பிள்ளைகள்தான். ஆறு பேரும் ஓடி வந்தார்களாம். ஒரு தகப்பன் இவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாராம்.

7 டிசம்பர், சனி

பள்ளியைப் பார்க்க வரும்படி அடுக்குமாடிக்காரரை அழைத்தோம். பத்துக் குடும்பம் வந்தால் போதும் என்று பத்துக் குடும்பத்துக்கு ரோல்ஸ் செய்தேன். வந்தது முப்பத்தாறு குடும்பம். தமிழர், குஜராத்திகள், ருமேனியர், நைஜீரியர்.

மிதுஷா ஒரு குழுவுக்கு வழிகாட்டி. நூலகம், சாப்பாட்டு மண்டபம் எல்லாம் காட்டிவிட்டு, ‘‘இந்தக் கழிவறையில் மூன்றாவது கதவு பூட்டாது, கவனம்’’ என்றாளாம். ஏஞ்சலா சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டா.

ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது.

11 ஜனவரி 2025, சனி

விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாள். அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருக்கினம்: ‘அந்தப் பள்ளியை மூடப் போகிறார்கள்.’ மாதங்கி அனுப்பினா. அதுக்குக் கீழே ஒருத்தர் மாறி ஒருத்தர், ‘அப்போ நாங்க மாத்தறோம்.’

கடவுளே. இவ்வளவும் செய்து—

பொய் என்று எழுதிவிடலாமா? மூடவில்லைதான். ஆனால் ஒரு வகுப்பைக் குறைக்கிற வாக்கெடுப்பு இருக்குதே. அதை மறைச்சுப்போட்டு, பிறகு அந்த முகங்களில எப்படி முழிக்கிறது? மறைத்தால் நான் கவர்னர் இல்லை, விளம்பரக்காரி.

சேரிடம் கேட்டேன். ‘‘கூட்டக் குறிப்பு பொதுவுல இருக்கு. உள்ளதச் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க. நானும் வரேன்’’ என்றார்.

12 ஜனவரி, ஞாயிறு

கடும் குளிர். விளையாட்டுத் திடலில் நாற்பது பேர் வரை; சேரும் சொன்னபடி வந்திருந்தார். நான், ஆட்கள் குந்தியிருக்கும் மர வாங்கு ஒன்றில் ஏறி நின்றேன்.

உள்ளதைச் சொன்னேன். மூடவில்லை. இரண்டு வகுப்பா, ஒன்றா என்று பெப்ரவரியில் தீர்மானிக்கிறோம். எப்படி முடியும் என்று என்னால் வாக்குத் தர முடியாது. நீங்கள் எத்தனை பேர் எழுதுகிறீர்கள் என்பதும் அந்த மேசைக்கு வரும். என்னுடைய மகள் அங்கேதான் படிக்கிறாள், அங்கேதான் படிப்பாள்.

யாரும் கை தட்டவில்லை. ஒரு நைஜீரியத் தாய், ‘‘நேராகச் சொன்னதற்கு நன்றி’’ என்றா. எனக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் வாங்கை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். குனிந்து பார்த்தேன். கிளறிற்றா.

‘‘விழுந்தாலும் பாதுகாப்புப் பொறுப்பு என்ர தலையிலதானே’’ என்றா.

15 ஜனவரி

கடைசி நாள். இனி எங்கள் கையில் ஒன்றுமில்லை.

13 பெப்ரவரி, வியாழன்

போன வருடம் எங்களை முதல் விருப்பமாக எழுதியவர்கள் முப்பத்துமூன்று. இந்த வருடம் ஐம்பத்துநான்கு.

ஏஞ்சலா எண்ணை வாசித்துவிட்டு, சரிதானா என்று தாளை மறுபடி பார்த்தா. கல்யாணசுந்தரம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘‘ஒரு வகுப்பாகக் குறைக்கும் பிரேரணை என்னுடையது. அதை நானே மீளப் பெறுகிறேன்’’ என்று இங்கிலீசில் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கத் தமிழில், ‘‘இவ்வளவு சந்தோஷமா நான் தப்பா இருந்ததே இல்லம்மா’’ என்றார்.

கழிவறைக்குள் போய் அழுதேன். மூன்றாவது கதவு இப்போது பூட்டுகிறது.

16 ஏப்ரல், புதன்

பின்னேரம் இடம் கிடைத்த செய்திகள் எல்லாப் பெற்றோருக்கும் போயின. அறுபதில் ஐம்பத்தேழு நிரம்பிவிட்டது. மாதங்கி போன் எடுத்தா; பின்னால் ஆதித்யா கத்திக்கொண்டு ஓடும் சத்தம்தான் கேட்டது.

அக்காவுக்குச் சொன்னேன். நாளைக்கு ஒழுங்கையில் என்னவாகப் போகிறதோ!

11 செப்டம்பர் 2025, வியாழன்

என் வழியில் கடைசி நிறுத்தம் அந்த அடுக்குமாடி. மூன்றே காலுக்குத் தபால் வண்டிலோடு, படலைக்குப் போகும் நடைபாதையில் திரும்பினேன். அதே நேரம் பள்ளி விட்டது. புது வகுப்புகள் இரண்டும் ஒன்றாக வந்தன. முழங்கால் வரை தொங்கும் புதுச் சட்டைகள், முதுகை விடப் பெரிய பைகள், காய்ந்தும் காயாத வர்ணப் படங்கள், ஸ்கூட்டர்கள், தம்பி தங்கைகள், தாய் தகப்பன்மார். நடைபாதை முழுக்க அடைத்துவிட்டது. வண்டிலை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன். ஆதித்யா என்னைக் காணவே இல்லை. இன்னொருவனோடு அவ்வளவு முக்கியமான கதை.

எல்லோரும் கடந்து முடிய நேரமெடுத்தது. நான் அவசரப்படவில்லை.

பன்னிரண்டு நிமிடம் பிந்தித்தான் அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். மனேஜர், வழியில் ஏதும் தடையா என்று கேட்டார். ‘ஓம், பெரிய தடை’ என்று சொல்லி, நாளைக்கும் இருக்கும் என்றேன்.