காற்றுக் குழாயில் கட்டிய வெள்ளைக்கொடி

என் ஆசைப் பவளத்துக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. போன வெள்ளிக்கிழமை நம் வீடு எரிந்திருக்கும், பவளம். வீடு போனால் போகட்டும், உள்ளே நம் தயாவும் அவள் பிள்ளையும் இருந்தார்கள்.

ஆமாம், உனக்குப் பேரன் பிறந்துவிட்டான். ஆறு வாரமாகிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று தயா பதுளைக்கே வந்துவிட்டாள். "அம்மா இல்லாட்டி என்னப்பா, நீங்க இருக்கீங்கல்ல?" என்றாள். ஆயுளில் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்தறியாதவன் பிள்ளையின் பீத்துணி அலசப் பழகினேன். சிரிக்காதே.

மழை உனக்குத் தெரியும். நமுனுகுல மலை நாலு நாளாகக் கண்ணில் படவில்லை. கயிற்றில் போட்ட துணி பூஞ்சணம் பிடிக்குமே தவிர காயாது. அதனால் உனக்கு மூட்டுவலி வந்தபோது வாங்கிய அந்தத் துணி உலர்த்தும் ட்ரையரில்தான் எல்லாம். பொத்தானை அமுக்கினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு வாரமாகவே துணி சரியாகக் காயவில்லை. மெஷினின் மேல்தகட்டிலோ கை வைக்க முடியாத சூடு. எனக்கு உறைக்க வேண்டாமா? முப்பது வருடம் தெமோதரைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் அறையில் நின்றவன் நான். சூடு ஏறியும் தேயிலை காயாவிட்டால் முதலில் காற்று போகும் வழியைப் பார் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் 'மழைக் குளிர், அதான் காயவில்லை' என்று அதே துணிக்கு மூன்றாம் முறையும் பொத்தானை அமுக்கினேன்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பா! என்னமோ கருகுது!"

ஓடிப்போய்ப் பார்த்தால் மெஷினுக்குப் பின்னாலிருந்து புகை. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கினேன். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடு தாயி!" என்று கத்தினேன். பச்சை உடம்புக்காரி, பிள்ளையைத் துவாயில் பொத்திக்கொண்டு கொட்டுகிற மழையில் ரோட்டில் நின்றாள். தீ பிடிக்கவில்லை. எப்படித் தப்பினோம் என்று இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் கரண்ட் வேலை செய்யும் செல்வத்தைக் கூப்பிட்டேன். மெஷினை முன்னால் இழுத்தான். பின்னாலிருந்த காற்றுக் குழாய் சுவரோடு நசுங்கிக் கிடந்தது. நாங்கள்தான் தள்ளியிருக்கிறோம், உன்னைக் கிடத்த இடம் வேண்டும் என்று சாமான்களை ஓரம் கட்டிய அன்று. குழாய்க்குள் கையை விட்டான். துணிப் பஞ்சு வந்துகொண்டே இருந்தது, பாதி தீய்ந்து பழுப்பேறி. பிறகு வெளியே போனவன் அங்கிருந்தே கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. சூட்டுக்காத்து வெளிய வர்ற வாயக் கட்டி வச்சிருக்கீங்களே!"

உன் சாவுக்குக் கட்டிய வெள்ளைக்கொடி. கயிற்றை இழுத்துக் கட்ட வேறு பிடிமானம் கிடைக்காமல், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய் மூடியைச் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். மூடி ஒரு விரல் அளவுக்குமேல் திறக்க வழியில்லை; பிள்ளைத்துணிப் பஞ்சு சேரச் சேர அந்த இடுக்கும் அடைத்துவிட்டது. கருமாதி முடிந்து மற்றக் கொடிகளை அவிழ்த்தபோது இந்த ஒன்றை மட்டும் நான்தான் தொடவிடவில்லை. உன் ஞாபகமாக இருக்கட்டும் என்று அழுது சண்டை பிடித்தேன். அந்தப் பாசம்தான் உன் பேரனைக் கொல்லப் பார்த்தது.

"வலையயாவது சுத்தம் பண்ணுனீங்களா?" என்றான் செல்வம். எந்த வலை என்று கேட்டேன். மெஷினின் வாயிலிருந்து ஒரு வலையை உருவிக் காட்டினான். கண்ணே தெரியாமல் பஞ்சு அப்பியிருந்தது. ஒவ்வொரு முறை துணி எடுத்ததும் நீ அதைத்தானே உருவி விரலால் வழித்துப் போடுவாய்? "தேயிலை ஸ்டோர்ல நான் பஞ்சு கூட்டுறது பத்தலையாடி?" என்று கிண்டல் செய்வேன். "உங்களுக்கு என்னா தெரியும், போங்க" என்பாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பவளம். இத்தனை வருடம் எங்களைச் சத்தமில்லாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தாயா? ஏன் சொல்லவில்லை? சொன்னாயோ, நான்தான் காதில் வாங்கவில்லையோ?

கொடியை நானே அவிழ்த்தேன். புதுக் குழாய் போட்டாயிற்று. இனி ஒவ்வொரு முறையும் அந்த வலையை வழித்த பிறகுதான் மறு வேலை. அடிக்கடி வெளியே போய், மூடி திறந்து காற்று வருகிறதா என்று கை வைத்துப் பார்ப்பேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்த துணியை அதில் போடமாட்டேன். அதற்கும் செல்வத்திடம் ஏச்சு வாங்கினேன், எண்ணெய்த் துணி சூட்டில் தானாகவே பற்றிக்கொள்ளுமாம். மெஷின் ஓடும்போது கடைக்கும் போகமாட்டேன், கண்ணையும் மூடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ போனதிலிருந்து உன் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம் என்னையும் கூப்பிட்டுக்கொள் என்றுதான் கேட்டு வந்தேன். அன்று புகைக்குள் நின்று, "இப்ப வேணாம் பவளம், இப்ப கூப்பிடாத!" என்று அலறியிருக்கிறேன். ரோட்டில் நின்ற தயாவுக்கே கேட்டிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. அலச வேண்டிய பிள்ளைத்துணி இன்னும் நிறைய இருக்கிறது.

என்றும் உன் வீட்டுக்காரன்,
தயா பிள்ளையின் தாத்தா,
ராமையா