திரையில் உங்கள் கை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நல்லபடியாக நம்ம ஊர் காரூட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாக அக்கா சொன்னாள். போனில் பேசினால் "பரவால்ல, விடு" என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்காக நான் வடிவமைத்த கரண்டியைப் பார்க்கத்தான் புது பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு பாண்டுங்கில் என் கல்லூரி வரை வந்தீர்கள். கண்காட்சிச் சுவரில், நோன்புப் பெருநாள் விடுமுறையில் நீங்கள் சாப்பிடுவதை உங்களுக்குத் தெரியாமல் நான் எடுத்த வீடியோ ஓடியது. சூப் உங்கள் மடியில் சிந்துவதை அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்குக் கை தட்டினார்கள். நீங்கள் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும், கரண்டியைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபோது, "எனக்குப் பசியில்ல கண்ணு, நீ சாப்பிடு" என்றீர்கள். காலையிலிருந்து நீங்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் கண்காட்சியிலிருந்து அந்த வீடியோவை நீக்கிவிட்டேன்.

"அது இல்லாட்டி இது வெறும் கரண்டிதானேம்மா?" என்றார் எங்கள் ஆசிரியை ரத்னா மேடம்.

"ஆமா மேடம், வெறும் கரண்டிதான்."

மதிப்பெண் குறையும். குறையட்டும்.

முதலாண்டில் எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது. இப்போது மனிதர்களை உற்றுப் பார்த்து வரையத் தெரிகிறது. பார்க்கலாமா என்று கேட்கத்தான் தெரியவில்லை, அதுவும் உங்களிடம்.

சனிக்கிழமை வருகிறேன். கரண்டியைக் கொண்டுவரட்டுமா, வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள். வேண்டாமென்றால், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் வருகிறேன். சிந்தினால் சிந்தட்டும், அப்பா.

உங்கள் சின்ன மகள்