பச்சை டப்பாவில் கட்டிய நூல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் உன் சௌக்கியத்தை மட்டும் கேட்கிறேன். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது, மாப்பிள்ளைக்கு இரவு வேலை மாறிவிட்டதா? காலையில் எதுவும் சாப்பிடாமல் ஓடாதே என்று எத்தனை தடவை சொல்வது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். அப்பா இப்போதெல்லாம் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. எழுதினால் அந்தப் பயம் இல்லை. இது மேசை மேல் கிடந்தாலும் அவரால் படிக்க முடியாது. ஊரெல்லாம் போர்டு எழுதிய மனிதருக்கு என் பொடி எழுத்து தெரியாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது பாப்பா. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம். சொட்டு மருந்து விட்டால் இருப்பது நிற்கும், போனது வராது என்றார் டாக்டர். முதலில் போனது நிறங்கள்தான். பச்சையும் பழுப்பும் அவருக்கு ஒன்றாகிவிட்டது, ரெண்டும் சேறு மாதிரி இருக்கு என்றார் ஒரு நாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நம் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிற ஏரிக் காப்பகத்தில் அவர் சும்மா உதவியாகப் பெயின்ட் அடித்துக் கொடுப்பது உனக்குத் தெரியும். நீ போன தடவை வந்தபோது அந்தப் பாதையில் மூன்று பேரும் நடந்தோமே, மரப்பாலம் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். ஏரியை ஒட்டிச் சமமாகப் போவது வயசானவர்களும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் போகிற பாதை, அதன் கம்பங்களில் பச்சைப் பட்டை. நாணல் காட்டுக்குள் இறங்கிப் போவது வேரும் சேறுமாக இருக்கும், அதற்குப் பழுப்புப் பட்டை. வருஷத்துக்கு ஒரு தடவை அப்பாதான் இரண்டுக்கும் புதுப் பெயின்ட் அடிப்பார். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கிற ஆளா. அதனால் ஒரு வழி பண்ணினோம், பச்சை டப்பாவின் பிடியில் நான் ஒரு நூல் கட்டிவிடுவேன், நூல் இருந்தால் பச்சை. யாருக்கும் தெரியாது. நானும் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்ப்பது போல அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று ஏற்பாடு.

மூன்று வாரத்துக்கு முன் சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் பல் வலியில் உயிர் போயிற்று. நூல்தான் கட்டியிருக்கே, நீ போ என்றார். டப்பாக்களைக் காவலாளியின் ஷெட்டில் இறக்கி வைத்துவிட்டுப் பல் டாக்டரிடம் போய்விட்டேன். போயிருக்கக் கூடாது. நான் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, அவர் வேலையை முடித்துவிட்டுக் காவலாளியின் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார், டப்பாக்களை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் காலை ஒரு தையல்காரர், வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு இருக்க வந்தவர், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று முதல் தடவையாக அங்கே போயிருக்கிறார். வாசல் போர்டில் பச்சை எளிது என்று படித்திருக்கிறார், பச்சைப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நாணலுக்குள் இறங்கியிருக்கிறார். வேர் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஒரு மணி நேரம் சேற்றில் கிடந்தாராம். பத்துக் கம்பமும் மாறியிருந்தது பாப்பா, ஏரிப் பக்கம் முழுக்கப் பழுப்பு, நாணல் பக்கம் முழுக்கப் பச்சை.

செய்தி வந்ததும் நான் முதலில் போய்ப் பார்த்தது டப்பாக்களைத்தான். நூல் பழுப்பு டப்பாவில் இருந்தது. நான் எப்போதும் இரண்டு முடிச்சு இறுக்கிப் போடுவேன், கத்தரி இல்லாமல் அவிழாது. அதில் இருந்தது இழுத்தால் அவிழ்கிற சுருக்கு, அப்பா பிரஷ்ஷைக் கட்டித் தொங்கவிடப் போடுவாரே அது. பெயின்டை ஊற்றும்போது இடைஞ்சல் என்று நூலை அறுத்திருக்கிறார், பிறகு ஏதோ நினைப்பில் மற்ற டப்பாவில் கட்டியிருக்கிறார், அதை அவர் மறந்தே போய்விட்டார். நான் அந்த நூலை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். ஏன் அவ்வளவு அவசரமாகப் போட்டேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

காப்பக அலுவலர் கூப்பிட்டு விசாரித்தபோது அப்பா நூல் விஷயத்தைச் சொல்லவில்லை, கண் விஷயத்தையும் சொல்லவில்லை. சாயங்கால வெளிச்சத்துல நெறம் சரியாத் தெரியல, காவலாளிதான் ஷெட்ல டப்பாவ மாத்தி வெச்சிருக்கணும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். காவலாளியைப் பற்றிச் சொன்னது பொய் என்று தெரிந்து சொல்லவில்லை, நூலும் அங்கேதான் மாறியிருக்கும் என்று நம்பினார். காவலாளியை வேலையை விட்டு நிறுத்தப் போவதாகப் பேச்சு. அந்த மனிதர் நம் வாசலில் வந்து நின்று, நான் டப்பாவத் தொடவே இல்லம்மா, ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க என்று கண் கலங்கினார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போனேன். தையல்காரர் படுத்தபடி, பச்சையப் பாத்துத்தாம்மா போனேன், என் கண்ணு நல்லாத்தான் இருக்கு என்றார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வாங்கிக்கொண்டு போன பழத்தை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் அலுவலரிடம் போய், அவருக்குப் பார்வை சரியில்லை, நான்தான் அடையாளத்துக்கு நூல் கட்டினேன், பல் வலியில் தப்பான டப்பாவில் கட்டிவிட்டேன், காவலாளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டேன். காவலாளி வேலை தப்பியது. அப்பாவிடமும் அதையே சொன்னேன். நாப்பது வருஷத்துல ஒரு புள்ளி தப்பினதில்ல, உன்ன நம்பினேன் பாரு என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. டீயைக்கூட அவரே ஊற்றிக்கொள்கிறார், பாதி மேடையில் கொட்டுகிறது, துடைக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சாயங்காலம் தனியாக ஏரிப் பாதைக்குப் போகிறார், பாதையோரக் கைப்பிடிக் கம்பிகளைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று நடக்கிறார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் இருபதடி பின்னால் ஈரப் புல்லில் போகிறேன். எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

உண்மையைச் சொல்லிவிடேன் என்பாய். சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். கண் போனதை அவர் எப்படியோ தாங்கிக்கொண்டார், கை நம்மிடம் இருக்கிறது என்று. அந்தக் கைதான் ஒரு மனிதரின் இடுப்பை ஒடித்தது என்று தெரிந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். என் மேல் கோபம் இருக்கிறவரைக்கும் எழுந்து நடக்கிறார். எனக்கு வலிக்காமல் இல்லை, கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததில்லை. ராத்திரி அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன், அழுகை வரும்.

லீவு கிடைத்தால் ஒரு வாரமாவது வந்து போ. வேறு கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், நான் கூப்பிட்டால் வர மாட்டார், நீ கூப்பிட்டால் வருவார். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பா என்னைப் பற்றிக் குறை சொல்லுவார், இத்தனை நாள் அடக்கி வைத்திருக்கிறார், உன்னிடம்தான் கொட்டுவார். வழக்கம் போல என் பக்கம் பேசிவிடாதே கண்ணு. அம்மாவுக்கு எப்பவுமே கவனம் பத்தாதுப்பா என்று சொல்லு. நன்றாகத் திட்டு. ஸ்பீக்கரில்தான் இருக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா